ஆசாரத்தில் ஒரு கம்பெனி
(வீட்டிலேயே தொழில் செய்வோர் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டமும் வரியும்)

இறுதியாண்டு, மின்னியல் துறை மாணவன்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது 'மின்மோட்டாரின் வகைகள்' என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பாடப்புத்தகத்தைப் பார்த்தால் நாலு பக்கம் தேறிவிடும். ஆனால் போன வருடம் எங்கள் வீட்டில் ஒரு மோட்டார் கற்றுக்கொடுத்த பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதை எழுதினால் உங்களில் பத்துப் பேருக்காவது பிரயோஜனப்படும் என்று தோன்றியது. நம்மில் பலருடைய வீட்டில் அம்மா தைக்கிறார், அக்கா மாவு அரைத்து விற்கிறார், அண்ணன் மொபைல் ரிப்பேர் பார்க்கிறார். "நம்ம வீட்டுல நாம செய்யறோம், யார் என்ன கேக்கறது?" என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நான் இழுத்த ஒயர்

எங்கள் ஊர் திருப்பூருக்குப் பக்கம். அப்பா சாயப்பட்டறை வேலை. அம்மா எட்டாவது வரை படித்தவர். எங்கள் சொந்தத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டி உள்ளே போனவன் நான்தான். அம்மா பத்து வருடமாக வீட்டு ஆசாரத்தில் ஒரு பவர் டேபிள் போட்டு பனியன் தைக்கிறார். பீஸ் ரேட்டுக்கு காண்ட்ராக்டர் கட்டுக் கட்டாகத் துணியைக் கொண்டுவந்து போடுவார், தைத்து முடித்ததும் எடுத்துப் போவார்.

நான் இரண்டாம் வருடம் படிக்கும்போது வேலை பெருகியது. இன்னும் இரண்டு பவர் டேபிள், ஒரு ஓவர்லாக் மெஷின் வாங்கினோம். பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் கூலிக்குத் தைக்க வந்தார். அந்த மெஷின்களுக்கெல்லாம் ஒயர் இழுத்து, பிளக் பாயிண்ட் வைத்துக் கொடுத்தவன் நான். "எம் பையன் படிச்ச படிப்பு வீணாப் போகலை" என்று அம்மா தெருவெல்லாம் சொன்னார். எனக்கும் பெருமைதான்.

ஆறு மாதம் கழித்து கரண்ட் ஆபீசிலிருந்து சோதனைக்கு வந்தார்கள். மெஷின்களை எண்ணினார்கள், மீட்டரைப் பார்த்தார்கள், எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினார்கள். வீட்டு இணைப்பில் தொழில் நடக்கிறது என்று சொல்லி, பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் கட்டச் சொல்லி ஆர்டர் வந்தது. அம்மாவுக்கு அது மூன்று மாதச் சேமிப்பு. வந்தவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். போகும்போது ஒருவர் கேட்டார்: "இந்த ஒயரிங் யார் பண்ணுனது தம்பி?" நான் வாயைத் திறக்கவில்லை. மின்னியல் டிப்ளமோ படிக்கிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

அன்றிலிருந்துதான் இந்த விஷயங்களைத் தேடித் தேடிக் கேட்க ஆரம்பித்தேன். எங்கள் துறை ஆசிரியர் ஒருவரும், ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கும் உறவுக்கார அண்ணன் ஒருவரும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஒரே வீடு, நாலு அளவுகோல்

எனக்குப் புரிந்த முதல் விஷயம் இது. சட்டம் என்பது ஒரே ஒரு ஆபீஸ் இல்லை. ஒரே வீட்டை நாலு ஆபீஸ் நாலு அளவுகோலால் அளக்கிறது. கரண்ட் ஆபீஸ், மின்சாரம் எதற்குப் பயன்படுகிறது என்று பார்க்கும். ஜி.எஸ்.டி., வருடத்துக்கு எவ்வளவு புரள்கிறது என்று பார்க்கும். வருமான வரி, செலவு போக எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்கும். உள்ளாட்சி, எந்த இடத்தில் என்ன தொழில் என்று பார்க்கும். ஒரு அளவுகோலில் நாம் சின்னவர் என்பதால் இன்னொன்றிலும் தப்பித்துவிடுவோம் என்று எண்ணக் கூடாது. எங்கள் வீட்டில் நடந்த தவறே அதுதான். "நமக்கெல்லாம் வரி வராது" என்பது சரி. "அதனால எதுவும் வராது" என்பது தப்பு.

1. மின்சாரம்

மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126. எந்த உபயோகத்துக்கு இணைப்பு வாங்கினோமோ அதைவிட்டு வேறு உபயோகத்துக்குப் பயன்படுத்தினால் அது 'அங்கீகாரமில்லாத உபயோகம்'. அந்த உபயோகத்துக்குரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போடுவார்கள். எந்தத் தேதியிலிருந்து நடக்கிறது என்று தெரியாவிட்டால், சோதனை நாளுக்கு முந்தைய 12 மாதத்துக்கும் சேர்த்துப் போடலாம். எங்களிடம் மெஷின் வாங்கிய பில் இல்லை. 'ஆறு மாசம்தானுங்க' என்பதை நிரூபிக்க முடியவில்லை. ஒரு பில்லைப் பத்திரப்படுத்தாததால் ஆறு மாதத் தொகை கூடிப்போனது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். இது திருட்டு இல்லை. மீட்டரைத் தாண்டி எடுப்பது பிரிவு 135. அது கிரிமினல் குற்றம். 126 என்பது மீட்டர் வழியாகவே எடுத்து, தப்பான இணைப்பில் ஓட்டுவது. முதலில் வருவது தற்காலிக ஆர்டர்தான். அதற்கு எழுத்து மூலம் ஆட்சேபம் சொல்லலாம், நேரில் விசாரிப்பார்கள். இறுதி ஆர்டர் வந்த பிறகும் 30 நாளுக்குள் அப்பீல் உண்டு. ஆனால் பாதித் தொகையைக் கட்டிவிட்டுத்தான் போகவேண்டும். ஆட்சேபம் சொல்லலாம் என்பதே எங்களுக்குத் தெரியாது. பயந்துபோய் முழுசாகக் கட்டிவிட்டோம்.

நம் துறை நண்பர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. பவர் டேபிளின் கிளட்ச் மோட்டார் அரை எச்.பி., அதாவது 373 வாட். நாலு மோட்டார் என்றால் ஷாஃப்டில் மட்டும் ஏறக்குறைய ஒன்றரை கிலோவாட். எஃபிஷியன்சியையும் கணக்கில் எடுத்தால் லைனில் இழுப்பது இன்னும் அதிகம். கிளட்ச் மோட்டார் தைக்காத நேரத்திலும் சுற்றிக்கொண்டே இருக்கும். சர்வோ மோட்டார் பெடலை அழுத்தினால்தான் சுற்றும். இத்தனை லோடை, விளக்கும் ஃபேனும் போட எடுத்த பழைய ஒயரில் ஏற்றினேன். அபராதம் வந்ததால் தப்பித்தோம். ஒயர் பற்றி எரிந்திருந்தால் ஆசாரம் நிறையப் பனியன் துணி. நினைத்தாலே உடம்பு நடுங்குகிறது. ஒயரிங் வேலையை உரிமம் உள்ள ஆள்தான் செய்யவேண்டும் என்ற விதி நம்மைப் போன்ற அரைகுறைகளை நினைத்துத்தான் போட்டிருக்கிறார்கள்.

சரியான வழி என்ன? தமிழ்நாட்டில் குடிசைத் தொழில், நுண் தொழில்களுக்கு 12 கிலோவாட் வரை தனிக் கட்டண வகை இருக்கிறது. ஆசாரத்துக்கு மட்டும் தனி இணைப்பு, தனி மீட்டர் வாங்கினோம். விண்ணப்பிக்கும்போது தொழில் பதிவுச் சான்று கேட்டார்கள். அது என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன். வீட்டு மீட்டர் வீட்டுக்கே இருக்கிறது. அதன் சலுகையும் போகவில்லை. விதிவிலக்குகளும் உண்டு. கைத்தறி நெசவாளர் வீட்டில் ஓடும் தறிக்கும், தொழில்முறையாளர் தம் வீட்டோடு வைத்திருக்கும் 200 சதுர அடிக்குள்ளான ஆலோசனை அறைக்கும் வீட்டுக் கட்டணமே. உங்கள் வீட்டு வேலை எந்த வகை என்பதை உங்கள் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

2. ஜி.எஸ்.டி.

2017 ஜூலை 1-ல் வந்த வரி இது. இதில் எல்லாரும் குழம்பும் இடம் ஒன்று. ஜி.எஸ்.டி. லாபத்தைப் பார்ப்பதில்லை, மொத்த விற்றுமுதலைப் பார்க்கிறது. நம் மாநிலத்தில் பொருள் மட்டும் விற்பவருக்கு வருடம் 40 லட்சம் வரையும், சேவை செய்பவருக்கு 20 லட்சம் வரையும் பதிவு கட்டாயமில்லை. அம்மா தைப்பது பனியன்தான் என்றாலும் துணி அவருடையது இல்லை. பிறர் துணியைத் தைத்துக் கொடுத்துக் கூலி வாங்குவது ஜாப் ஒர்க். சட்டத்தின் கண்ணில் அது சேவை. ஆகவே எங்களுக்கு 20 லட்சம். அம்மாவுக்கு வருடத்துக்கு வந்த மொத்தக் கூலி 3,60,000. எட்டாத தூரம்.

ஆனால் பொருளை வெளி மாநிலத்துக்கு விற்றால் பொதுவாக இந்த வரம்பு செல்லாது. முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். ஆன்லைன் கடைகள் மூலம் மாநிலத்துக்குள்ளேயே விற்கும் சிறு விற்பனையாளர்களுக்கு 2023 அக்டோபர் 1 முதல் ஒரு சலுகை வந்தது: வரம்புக்குள் இருந்தால் பதிவு வேண்டாம், ஒரு சேர்க்கை எண் போதும். இன்னொன்று: பதிவு இல்லாதவர் பில்லில் ஜி.எஸ்.டி. போட்டு வசூலிக்கவே கூடாது. எங்கள் தெருவில் ஒருவர், பில் பார்க்க கெத்தாக இருக்கட்டும் என்று வரியைச் சேர்த்து எழுதிக்கொண்டிருந்தார். சொன்ன பிறகு நிறுத்தினார்.

3. வருமான வரி

இது மிஞ்சுவதைப் பார்க்கிறது. எங்கள் கணக்கையே சொல்கிறேன். வந்தது 3,60,000. தைக்க வரும் அக்காவின் கூலி 96,000. நூல், ஊசி, மெஷின் ரிப்பேர் 24,000. கரண்ட் 12,000. மிச்சம் 2,28,000. புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டு முதல் 4 லட்சம் வரை வரி கிடையாது. 12 லட்சம் வரையிலும் தள்ளுபடி போக வரி பூஜ்யமாகிவிடும். ஆனால் கவனியுங்கள்: 4 லட்சத்தைத் தாண்டிவிட்டால் ரிட்டர்ன் போட்டால்தான் அந்தத் தள்ளுபடி. வரி இல்லை என்பது வேறு, கணக்குக் காட்டவேண்டாம் என்பது வேறு.

முழுக் கணக்குப் புத்தகம் எழுத முடியாத சிறு தொழிலுக்கு 'அனுமான வருமானம்' என்று ஒரு வழி உண்டு. விற்றுமுதலில் ரொக்கமாக வந்ததற்கு 8 சதவீதம், பேங்க் வழியாக வந்ததற்கு 6 சதவீதம் லாபம் என்று காட்டலாம். 10 லட்சமும் பேங்கில் வந்திருந்தால் 60,000. இது குறைந்தபட்சம்தான். நிஜ லாபம் அதிகம் என்றால் அதிகமாகவே காட்டவேண்டும்.

எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது பிடித்தம் விஷயம். ஒரு கம்பெனி, வேலை செய்து கொடுத்த தனிநபருக்கு ஒரே தடவையில் 30,000 ரூபாய்க்கு மேல் அல்லது வருடத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்தால் 1 சதவீதம் வரி பிடித்துவிட்டுத்தான் கொடுக்கவேண்டும். பான் எண் கொடுக்காதவருக்கு 20 சதவீதம். அம்மா நேரடியாக வேலை எடுத்த ஒரு இடத்தில் 1,60,000-க்கு 1,600 பிடித்திருந்தார்கள். "கம்மியாக் குடுத்துட்டாங்க" என்றுதான் அம்மா நினைத்திருந்தார். ரிட்டர்ன் போட்டோம், அந்த 1,600 பேங்குக்குத் திரும்பி வந்தது. எத்தனை வீட்டுப் பணம் இப்படிக் கேட்பாரில்லாமல் கிடக்கிறதோ!

4. உள்ளாட்சி

மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி எதுவானாலும் மூன்று விஷயம் கேளுங்கள். ஒன்று, உங்கள் தொழிலுக்கு உரிமம் தேவையா. இரண்டு, வீட்டில் ஒரு பகுதி தொழிலுக்குப் போனால் சொத்து வரி மாறுமா. மூன்று, தொழில் வரி. அரையாண்டு வருமானம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவருக்குத் தொழில் வரி இல்லை. எவ்வளவு சம்பாதித்தாலும் ஒருவரிடம் வருடத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 276-வது பிரிவே சொல்கிறது. ஜி.எஸ்.டி. என்றும் வருமான வரி என்றும் பயந்துகொண்டிருந்த எங்கள் வீட்டில் நிஜமாகவே கட்டவேண்டியிருந்தது இந்தத் தொழில் வரி ஒன்றுதான். கட்டினோம். அம்மா அந்த ரசீதை ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருக்கிறார்.

வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தில் 'குடியிருப்புக்கு மட்டும்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அப்புறம், வீட்டுக் குழந்தைகள். என் தங்கை ஏழாவது படிக்கிறாள், பிசிர் வெட்டுவாள். 1986-ஆம் வருடக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-ல் திருத்தப்பட்டது. அதன்படி 14 வயதுக்குட்பட்ட பிள்ளை ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போக, லீவில் கூடமாட உதவலாம், அவ்வளவுதான். அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கூலிக்கு வைப்பது குற்றம்.

வராத கூலி

இதுவரை சொன்னதெல்லாம் சட்டம் நம்மிடம் கேட்பது. சட்டம் நமக்குக் கொடுப்பதும் இருக்கிறது. அதை யாரும் சொல்வதில்லை.

அபராதம் வந்த அதே நேரத்தில் ஒரு காண்ட்ராக்டர் 27,400 ரூபாய் பாக்கி வைத்திருந்தார். "பார்ட்டி இன்னும் தரலைங்க அக்கா, வந்ததும் குடுத்தர்றேன்" என்று ஐந்து மாதம் ஓட்டினார். அப்புறம் போனையே எடுக்கவில்லை. போலீசுக்குப் போகலாமா என்று கேட்டதற்கு அம்மா சொன்னார்: "எதைக் கண்ணு காட்டறது? பில்லா சீட்டா? ஒண்ணுமில்லையே!"

சிறு, நுண் தொழில்களுக்காக 2006-ல் ஒரு சட்டம் வந்தது. பொருளோ சேவையோ வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள் பணம் தரவேண்டும். அந்தக் கெடுவும் 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லாவிட்டால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. புகார் கொடுக்க 2017 முதல் 'சமாதான்' என்ற இணையதளம் வந்தது. விசாரிக்க சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் வசதியாக்க மன்றங்கள் உள்ளன. மன்றம் வாங்கியவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தால், அவர் கோர்ட்டுக்குப் போவதற்கு 75 சதவீதத்தை முதலில் கட்டவேண்டும். 2023-ஆம் வருட நிதிச் சட்டம் இன்னொரு பிடியும் போட்டது. நமக்குக் கெடுவுக்குள் தராத தொகையை, தந்து முடிக்கும் வரை, அவர் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது.

இதற்கெல்லாம் திறவுகோல், நான் முன்னே சொன்ன தொழில் பதிவு. அதன் பெயர் 'உத்யம்'. 2020 ஜூலை 1-ல் வந்தது. ஆதாரும் பானும் இருந்தால் வீட்டிலிருந்தே பதியலாம். கட்டணம் ஒரு பைசா கிடையாது. பணம் கேட்கும் இணையதளம் எதுவானாலும் அது அரசாங்கத்துடையது இல்லை என்று உடனே வெளியே வந்துவிடுங்கள். தடுமாற்றமாக இருந்தால் மாவட்டத் தொழில் மையத்தில் உதவுவார்கள். பணம் மாட்டிக்கொண்ட பிறகு பதியலாம் என்று இருக்காதீர்கள். முன்பே பதிவு இருந்தால் வாதாட இடமே இருக்காது.

ஒரு நாற்பது பக்க நோட்டு

பதிவு மட்டும் போதாது. எங்கள் வீட்டில் இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. அம்மா எழுதுகிறார். தேதி, யார் கொடுத்தது, எத்தனை பீஸ், என்ன ரேட், எப்போது திருப்பிக் கொடுத்தோம், வாங்கியவர் கையெழுத்து. மாதக் கடைசியில் உத்யம் எண் போட்டு ஒரு பில். பணம் கூடியவரை பேங்கில். மெஷின் பில், ரிப்பேர் பில், கரண்ட் ரசீது எல்லாம் ஒரு மஞ்சப்பையில். இந்த ஒரு நோட்டு நாலு அளவுகோலுக்கும் பதில் சொல்லும். எவ்வளவு புரண்டது, எவ்வளவு மிஞ்சியது, எப்போது ஆரம்பித்தோம், யார் பாக்கி, எல்லாம் அதில் இருக்கிறது.

முதலில் அம்மாவுக்குக் கையெழுத்துக் கேட்கவே கூச்சம். "நம்பிக்கை இல்லையாங்க அக்கா?"ன்னு கேட்பாங்களே என்றார். ஒருவர் அப்படியே கேட்டும்விட்டார். அம்மா சிரித்துக்கொண்டே, "உங்க மேல இருக்குதுங்க. என்ற ஞாபகத்து மேலதான் இல்லீங்க" என்றார். அவர் போட்டுவிட்டார். அந்த மாத பில்லுக்கு நாற்பதாவது நாள் பணம் வந்தது. பழைய 27,400 இன்று வரை வரவில்லை. அது வராது என்றுதான் நினைக்கிறேன்.

நம்மில் தொழில் செய்வோருக்கு

நமக்கெல்லாம் பதினெட்டு வயது நிரம்பிவிட்டது, அல்லது நிரம்பப் போகிறது. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டப்படி பதினெட்டு முடிந்தவர் போட்ட கையெழுத்துதான் செல்லும். ஆகவே இனி நம் கையெழுத்துக்கு நாம்தான் பொறுப்பு. லீவில் மோட்டார் ரீவைண்டிங் செய்பவர், இன்வெர்ட்டர் ரிப்பேர் பார்ப்பவர், ஜூனியர்களுக்கு டியூஷன் எடுப்பவர் எல்லாரும் ஒரு நோட்டு போடுங்கள். வீட்டில் முறுக்கு, கேக், ஊறுகாய் செய்து விற்பவர்கள் 2006-ஆம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்யவேண்டும். அடுப்பு நம் வீட்டு அடுப்பு என்பதால் விலக்கு இல்லை.

முடிவாக

உத்யம் படிவத்தை நானே உட்கார்ந்து நிரப்பினேன். 'தொழில்முனைவோர் பெயர்' என்ற இடம் வந்தது. "அப்பா பேரைப் போட்ரு கண்ணு" என்றார் அம்மா. "தைக்கறது நீங்கதானே அம்மா" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் ஆதாரை எடுத்து வந்து கொடுத்தார். இத்தனை வருடமாக யாராவது "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டால் "சும்மா வீட்லதானுங்க" என்றே சொல்லிவந்தவர். பிரிண்ட் எடுத்து வந்த சான்றிதழில் தன் பெயரை ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு, "எழுத்து சரியா இருக்குதல்ல?" என்று மட்டும் கேட்டார்.

நண்பர்களே! நம் வீடுகளில் முதன்முதலாக நாலு எழுத்து படித்தவர்கள் நாம். படிவம் பார்த்தால் பயப்படாதவர்களும் நாம்தான். இந்த மலரை வீட்டுக்கு எடுத்துப் போங்கள். அம்மா தைக்கும் இடத்தில், அக்கா அரைக்கும் இடத்தில் உட்கார்ந்து, நாலு அளவுகோலையும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். விகிதமும் வரம்பும் அவ்வப்போது மாறும். செய்வதற்கு முன் அந்த வருட நிலவரத்தை ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். ஒயரை மட்டும், தயவுசெய்து, என்னைப் போல நீங்களே இழுக்காதீர்கள்.